உன் பெயரில் ஒரு கண்ணாடிச் சுவர்

என் சண்டைக்காரி ஸ்டெல்லாவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. என்னைக் கேட்டால், நான் நலமாக இல்லை. கோபமாக இருக்கிறேன். நீ போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பி ஒரு வாரம் ஆகப்போகிறது, இன்னும் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. இதை உனக்கு எழுதி, ஊரே படிக்கும்படி விடுகிறேன். நேரில் கத்தியபோது யாரும் காதில் வாங்கவில்லை. "தமிழரசி டீச்சருக்குத் துக்கத்துல புத்தி பெசகிப் போச்சு" என்று சொல்லிவிட்டு வடை சாப்பிடப் போய்விட்டார்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. நீ அத்தனை வருஷம் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வந்து உயிரியல் சொல்லிக்கொடுத்த எங்கள் காரைக்கால்மேட்டில், உன் பெயரில் ஒரு வாசிப்புக்கூடம் எழும்பியிருக்கிறது. பிரான்சில் இருக்கும் உன் தம்பி ஆல்பர்ட்தான் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டான். ஊர்ப் பஞ்சாயத்தார் கடற்கரையோரம், சவுக்குத் தோப்புக்கு எதிரே இடம் கொடுத்தார்கள். ஆனி மாதமே திறப்பு விழாவும் நடந்துவிட்டது. வாசலில் பொன்னெழுத்தில் உன் பெயர். உள்ளே மாலை போட்ட உன் படம். ஆதார் அட்டைக்கு எடுத்தார்களே, அதைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். முறைத்துக்கொண்டு இருக்கிறாய்.

கடலைப் பார்த்த பக்கம் சுவரே கிடையாது. தரையிலிருந்து கூரை வரை நீலக் கண்ணாடி. உள்ளே உட்கார்ந்தால் கடல் தெரியும். வெளியே நின்றால் முகம் பார்த்துத் தலை சீவலாம், அவ்வளவு பளபளப்பு. எதிரே ஓர் ஓரமாக நிற்கும் சவுக்குத் தோப்பும் அதற்கு மேலே இருக்கும் வானமும் அப்படியே அந்தக் கண்ணாடியில் விழுகின்றன. பறந்து வருகிற ஒரு பறவைக்கு அது சுவர் என்று எப்படித் தெரியும்? தோப்பு இன்னும் நீண்டுகொண்டே போகிறது என்று நம்பி முழு வேகத்தில் வருகிறது. தேங்காயைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

திறந்த வாரமே ஒரு மாங்குயில் விழுந்தது. அப்புறம் ஒரு தேன்சிட்டு, கட்டைவிரல் அளவுகூட இல்லை. மைனாக்கள். தோப்பில் இருந்த மரகதப்புறா ஜோடியில் ஒன்று. கூடத்தைப் பெருக்கும் அஞ்சலை அக்கா காலையில் துடைப்பத்தோடு வரும்போது கண்ணாடிக்குக் கீழே ஏதாவது ஒன்று விறைத்துக் கிடக்கும். நானும் பள்ளிக்கூடம் போகிற வழியில் எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்காமல் போகவும் முடியவில்லை, பார்த்துவிட்டுப் பாடம் நடத்தவும் முடியவில்லை.

அஞ்சலை அக்கா நல்ல மனுஷிதான். செத்த பறவையைக் குப்பையில் போட அவருக்கு மனசு வரவில்லை. தோப்பில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, விழுந்த இடத்தில் இரண்டு செம்பருத்தி வைத்தார். யாரோ ஏன் என்று கேட்டதற்கு, "டீச்சரைப் பாக்கத்தாங்க வருதுங்க. உள்ள படத்தைப் பாத்துட்டு அங்கேயே உசுர விட்டுடுதுங்க" என்றாராம்.

ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பறவையாக வருவதே நீதான் என்று ஆக்கிவிட்டது. ஸ்டெல்லா, நீ நம்பமாட்டாய். ஆடி முடிவதற்குள் கண்ணாடிக்குக் கீழே அகல் விளக்கு வந்துவிட்டது. சூடத் தட்டு வந்தது. டவுனிலிருந்து உங்கள் கோயில்காரர்கள் மெழுகுவத்தியோடு வந்து, முழந்தாள் போட்டுச் செபமாலை சொன்னார்கள். திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒருவர் குடும்பத்தோடு ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து, "குருவி விழுறது எத்தனை மணிக்குங்க?" என்று என்னிடமே விசாரித்தார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

உன்னைப் பறவைகளின் புனிதையாக்கிவிட்டார்கள். உன்னை! ஆசிரியர் அறைக்குள் ஒரு காக்காய் நுழைந்ததற்கு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, "தமிழு, அது போயிடுச்சாடி?" என்று கேட்டவளை. கோழிக்குழம்பில் கால் துண்டு யாருக்கு என்று என் சாப்பாட்டு டப்பாவில் கைவைத்துச் சண்டை போட்டவளை. உனக்குப் பறவைகள்மேல் தனிப் பாசம் எதுவும் கிடையாது என்று நான் சொன்னால், செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அவமரியாதை. பொய்யைச் சொல்லிச் சூடம் ஏற்றினால் மரியாதை.

உன் வகுப்பில் "ஏன்?" என்று கேட்காத பிள்ளைக்கு விமோசனமே கிடையாது. தவளைக்குத் தோல் ஏன் ஈரம், நண்டு ஏன் பக்கவாட்டில் நடக்கிறது என்று துளைத்து எடுப்பாய். அந்தப் பிள்ளைகள்தான் இன்று படகு முதலாளிகள், பஞ்சாயத்தார், பிள்ளை பெற்ற தாய்கள். அவர்கள்தான் அந்தக் கண்ணாடி முன்னால் கைகூப்பி நிற்கிறார்கள். பறவை ஏன் விழுகிறது என்று ஒருத்தராவது கேட்க வேண்டாமா? இத்தனை வருஷம் நீ தொண்டை வறளக் கத்தினாயே, அதெல்லாம் எங்கே போயிற்று?

நான் பஞ்சாயத்துத் தலைவரைக் கூப்பிட்டு, வெளியே நிறுத்தி, கண்ணாடியைக் காட்டினேன். "என்ன தெரியுது, சொல்லுங்க" என்றேன்.

"தோப்பு தெரியுது."

"பறவைக்கும் அதேதாங்க தெரியுது."

அவர் தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். "அதுக்காக இம்மாம் பெரிய கண்ணாடிய ஒடைக்கச் சொல்றீங்களா டீச்சர்? ஆல்பர்ட் சார் என்ன நெனைப்பாரு?" என்றார். நான் உடைக்கச் சொல்லவே இல்லை. கண்ணாடி இருக்கட்டும், அது கண்ணாடி என்று பறவைக்குத் தெரியும்படி வெளியே ஏதாவது செய்யுங்கள் என்றுதான் கேட்டேன். அவர்கள் உள்ளே திரைச்சீலை தொங்கவிட்டார்கள். தோப்பு விழுவது வெளிப்புறத்தில், திரை போடுவது உட்புறத்தில். தோப்பு முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று நாக்கை நீட்டிய திருஷ்டிப் பொம்மை ஒன்றை நடுவில் ஒட்டினார்கள். அதற்கு ஒரு முழம் தள்ளி அடுத்த மைனா மோதிச் செத்தது.

கடைசியில் என் அண்ணனிடம் போனேன். முருகையன் அண்ணனை உனக்குத் தெரியும், உனக்கு நண்டு கொண்டுவந்து கொடுப்பானே, அவன்தான். "வீட்டுல கெடக்குற பழைய வலைய எடுத்துட்டு வாண்ணே. கண்ணாடிக்கு முன்னால கட்டிடுவோம். வலையப் பாத்தா வராது, வந்தாலும் அடிபடாது" என்றேன். கருப்பு நைலான் வலை, கண் சின்னது, குருவித் தலைகூட நுழையாது. கூரையிலிருந்து இரும்புக் குழாய் வைத்து, கண்ணாடியை விட்டு ஒரு சாண் தள்ளி, ஒரே மத்தியானத்தில் கட்டிக் கொடுத்தான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்று உன் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கூட வைத்தேன்.

மறுநாள் காலையில் வலைக்குள் ஒரு மீன்கொத்தி. மோதவில்லை, சிக்கியிருந்தது. இறக்கையில் சுற்றி, காலில் சுற்றி, விடுபடத் திமிறத் திமிற இன்னும் இறுகி, தொங்கிக்கொண்டே செத்திருக்கிறது. கண்ணாடியாவது ஒரு நொடியில் கொன்றது. இது எவ்வளவு நேரம் துடித்ததோ, தெரியாது. பக்கத்தில் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. வலை தொள தொளவென்று, மடிப்பு மடிப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கரையில் வலை கோத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் போய், எல்லாருக்கும் முன்னால் சத்தம் போட்டேன்.

"ஏண்ணே இப்புடித் தொங்கலாக் கட்டுன?"

அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "வலைன்னா தொங்கலாத்தான் கட்டணும். தொங்கலா இருந்தாத்தான் மீனு மாட்டும். இழுத்து வெறைப்பாக் கட்டுனா முட்டிட்டுத் திரும்பிப் போயிடும்ல? தொழில் எனக்குத் தெரியாதா? நீ சொல்லிக் குடுக்குறியா?"

"அண்ணே, எனக்கு அது முட்டிட்டுத் திரும்பித்தாண்ணே போவணும்!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. கையில் இருந்த வலை ஊசியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பிடிப்பதற்கே கட்டிப் பழகிய கை அது. பிடிக்காமல் இருப்பதற்கு ஒரு வலை கட்டலாம் என்று அந்தக் கைக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அன்று வெயில் தாழ்ந்ததும் அவனே வந்து, நாலு பக்கமும் குழாய் கொடுத்து, கயிற்றுக் கட்டிலை இறுக்குவது மாதிரி இழுத்து இழுத்துக் கட்டினான். விரலால் தட்டினால் திரும்ப எழும்பியது. அதற்குப் பிறகு நானே பார்த்தேன். ஒரு தவிட்டுக்குருவி வந்து மோதியது, பின்னால் தள்ளப்பட்டது, திட்டிக்கொண்டே தோப்புக்குத் திரும்பிப் போனது. கண்ணாடிக்குக் கீழே புதைக்க ஒன்றும் இல்லாத காலைகள் வந்தன.

கதை இதோடு முடிந்திருந்தால் உனக்கு இன்று சந்தோஷமாக ஒரு கடிதம் எழுதியிருப்பேன்.

பறவை சாகாததில் ஊருக்கு வருத்தம், ஸ்டெல்லா. "வலை கட்டுனதுலேருந்து டீச்சர் வரவே மாட்டேங்குறாங்க" என்று பேச ஆரம்பித்தார்கள். விளக்கு அணைந்துவிட்டது, பூ வாடிவிட்டது, வெளியூர் ஆட்டோ வரவில்லை. ஒரு நாள் நாலைந்து பெண்கள் வீட்டுக்கே வந்தார்கள். எல்லாரும் நம்மிடம் படித்தவர்கள். "அந்த வலையக் கழட்டிடுங்க டீச்சர். அவங்க பாட்டுக்கு வந்துட்டுப் போவட்டும்" என்றார்கள். அவர்கள் குரலில் துளிக் கெடுதல் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன்மேல் உள்ள பிரியத்தில்தான் கேட்டார்கள். பிரியத்தில் ஒரு உயிரைக் கேட்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. நான் கதவைச் சாத்திவிட்டேன்.

ஐப்பசியில் ஆல்பர்ட் வந்தான். வருஷப் பூசைக்காகவே வந்திருந்தான். காலையில் டவுனில் கோயிலில் பூசை, அது முடிந்து இங்கே கூடத்தில் கூட்டம், சாப்பாடு என்று ஏற்பாடு. பூசை முடிந்து நான் வந்து சேர்ந்தபோது வலை இல்லை. சுருட்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்து வேறு வைத்திருந்தார்கள். தோப்பு அதில் அவ்வளவு அழகாக நின்றது.

"ஒரு நாளைக்குத்தானே தமிழக்கா" என்றான் ஆல்பர்ட். "வீடியோ எடுக்குறாங்க. அந்த வலையோட பாத்தா அக்கா ஏதோ ஜெயில்ல இருக்குற மாதிரி இருக்கு."

"இது வலசை வர்ற மாசம் ஆல்பர்ட். தோப்பு முழுக்கப் புதுசா வந்த பறவையா இருக்கு. இன்னைக்குன்னு பாத்து..."

"கூட்டம் முடியட்டும்க்கா. பேசிக்கலாம்."

கூட்டம் முடியவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் உன் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்தச் சத்தம். எல்லாரும் திரும்பினார்கள். பிறகு கூடம் முழுக்க நாற்காலி நகரும் ஒலி, எல்லாரும் எழுந்து கைகூப்பினார்கள். "வந்துட்டாங்க" என்று யாரோ அழுதார்கள். மைக்கில் தலைவர், "டீச்சரம்மா வந்துட்டாங்க" என்றார். வீடியோக்காரர் வெளியே ஓடினார்.

நானும் ஓடினேன். ஆறுமணிக்குருவி. வயிறு சந்தன நிறம், வால் அடியில் சிவப்பு, முதுகில் பச்சை. அந்தியும் சந்தியும் தோப்பில் கூவுமே, அது. மலையெல்லாம் தாண்டி எங்கிருந்தோ பறந்து வந்து, எங்கள் ஊர்ச் சவுக்குத் தோப்பில் இளைப்பாற இறங்கியது. உயிர் இருந்தது. அலகில் ஒரு சொட்டு இரத்தம். அதற்குள் ஒரு பெண்மணி அதன் வாயில் தண்ணீர் விடப் போனார், இன்னொருவர் குங்குமம் எடுத்தார். "தொட்டீங்கன்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்று கத்தினேன். உனக்கு நான் அப்படிக் கத்தித் தெரியாது. எனக்கும் தெரியாது.

விருந்தினருக்குச் சால்வை வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதில் என் கைக்குட்டையை விரித்து, பறவையை வைத்து மூடினேன். இருட்டில், அமைதியாக விட்டால் சிலது மயக்கம் தெளிந்து பறந்துவிடும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய் முதல் வரிசையில், ஆல்பர்ட் பக்கத்தில் உட்கார்ந்தேன். குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை. பேசக் கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை. புத்தி பெசகிய கதை அப்போதுதான் கிளம்பியது. மைக்கை உட்கார்ந்த இடத்திலேயே வாங்கி, "ஸ்டெல்லா வரலை. ஒரு குருவி கண்ணாடியில அடிபட்டுச் சாவக் கெடக்கு. உங்க டீச்சர் உயிரோட இருந்தா உங்க எல்லாரையும் பெஞ்சு மேல ஏத்தியிருப்பா" என்று சொன்னேன். அப்புறம் இலை போட்டார்கள்.

கூட்டம் பந்திக்குப் போன பிறகு ஆல்பர்ட் மட்டும் நகராமல் இருந்தான். பெட்டியை அவன் கையில் கொடுத்து, "திறந்து பாரு" என்றேன். திறந்தான். அது செத்துப் போயிருந்தது. இன்னும் சூடு இருந்தது, அது அவனுக்குத் தெரிய வேண்டும் என்று அவன் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். கொடுமைதான். எனக்கு அந்த நேரம் இரக்கம் எதுவும் மிச்சமில்லை.

"நீங்கதானக்கா போன்ல சொன்னீங்க" என்றான் அவன், தலை நிமிராமல். "ஆஸ்பத்திரியில அக்கா இருந்த ரூம்ல ஜன்னலே கெடையாதுன்னு. வெளியில பகலா ராத்திரியா, மழை பேயுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்கன்னு. நான் அங்கேருந்து என்னக்கா பண்ண முடிஞ்சுது? அதான் கடல் முழுக்கத் தெரியிற மாதிரி கட்டச் சொன்னேன்."

சொல்லியிருக்கிறேன். நீ போன அன்று, என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் அவனிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய கண்ணாடியை அவன் எழுப்பியிருக்கிறான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் விடவில்லை ஸ்டெல்லா. அண்ணனைக் கூப்பிட்டேன். பூசைக்குப் போட்டிருந்த கோட்டைக் கழற்றிவிட்டு ஆல்பர்ட்டும் ஏணியில் ஏறினான். அவன் கட்டியது தொங்கியது, அண்ணன் அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னான். உள்ளங்கை சிவக்கச் சிவக்க இழுத்தான். கட்டி முடித்ததும் அவனை உள்ளே கூட்டிப் போய், பிள்ளைகள் படிக்கும் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"கடல் தெரியுதா?"

முன்னால் குனிந்து வலைக்கு அப்பால் பார்த்தான். "தெரியுதுக்கா."

"மழை வந்தா?"

"அதுவும் தெரியும்" என்றான். அப்புறம்தான் அழுதான். நானும் அழுதேன், எனக்கு அதிலும் கோபம்தான். உன்மேல்கூடத்தான். நீ இருந்து, முதல் மைனா விழுந்த அன்றே இவர்களை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? இவ்வளவு சீக்கிரம் போக உனக்கு யார் சொன்னது?

ஆல்பர்ட் நேற்றுக் கிளம்பிவிட்டான். வலையை யாரும் கழற்றக் கூடாது என்று பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். அவர்களும் சரி என்றார்கள். ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. பொங்கலுக்குக் கூடத்தில் விழா என்கிறார்கள். தலைவர் இன்று காலையிலேயே என்னிடம், "விசேஷ நாளுக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினார். வரிச்சிக்குடிப் பக்கம் யாரோ கல்யாண மண்டபத்துக்கு இதே நீலக் கண்ணாடியைக் கேட்டிருக்கிறார்களாம், நம் கூடத்தைப் பார்த்து ஆசைப்பட்டு. ஞாயிற்றுக்கிழமை அண்ணனை அழைத்துக்கொண்டு அங்கே போகிறேன். கேட்கிறார்களோ இல்லையோ, கத்திவிட்டு வருகிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், ஊரும் கேட்டுக்கொள்ளட்டும். வலை தளர்ந்தால் இறுக்குவேன். கிழிந்தால் முடிச்சுப் போட்டுக் கோப்பேன், அந்த வேலை எனக்கும் தெரியும். விசேஷம் என்று சொல்லி யாராவது அதை அவிழ்த்து, உன் பெயருக்குக் கீழே இன்னும் ஒரே ஒரு பறவை செத்துக் கிடந்தாலும், அண்ணனின் உளியை எடுத்துவந்து அந்தப் பொன்னெழுத்தை ஒவ்வொன்றாக என் கையாலேயே பெயர்த்து எடுப்பேன். பெயர் இல்லாமல் இருந்துகொள் ஸ்டெல்லா. கொன்று கொடுத்துத்தான் உன்னை நினைக்க வேண்டும் என்றால், நீ இந்த ஊரில் யாருக்கும் நினைவே இல்லாமல் போ. எனக்கு நினைவிருக்கும்.

உன் கூடப் பிறக்காமலே உன்னோடு சண்டை போட்டே காலம் தள்ளிய தங்கச்சி,
தமிழரசி
காரைக்கால்மேடு